"என்ன கோயில்?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது?

கானாடுகாத்தான் பேரன்:
அப்பச்சி (அப்பா) நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்; எங்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோயிலைச் சேர்ந்தது, எங்களுக்கு இளையாற்றங்குடி கோயில். அம்மா திருநெல்வேலிப் பக்கம், வேறு சாதி. அவர்கள் கல்யாணத்துக்குக் கோயில் மாலை (கோயிலிலிருந்து அனுப்பும் மாலை) வரவில்லை, புள்ளியிலும் (கோயில் கணக்கில் ஒரு குடும்பமாக) சேர்க்கவில்லை. ஆனால் நான் வளர்ந்ததெல்லாம் 'அப்பச்சி, அப்பத்தா' என்றுதான். படைப்புக்கு (முன்னோர் வழிபாட்டுக்கு) போனால் பந்தியில் பெரியப்பச்சி பிள்ளைகளோடு உட்கார வைப்பார்கள். புள்ளி வரி எழுதும் நோட்டு வெளியே வந்ததும் யாராவது என்னை, "வெற்றிலை வாங்கிட்டு வாப்பா" என்று கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

காரைக்குடியில் கூடப் படித்த பெண்ணை விரும்புகிறேன். அவள் பிள்ளையார்பட்டி கோயில். என் போட்டோவைப் பார்த்து அவள் ஆயா (பாட்டி) கேட்ட முதல் கேள்வி, "என்ன கோயில்?" இவள் "இளையாற்றங்குடி" என்று சொல்லி வைத்துவிட்டாள். பொய் இல்லை, முழுசும் இல்லை. அடுத்த மாதம் அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். முதலிலேயே சொல்லிவிடவா, பழகட்டும் என்று விடவா?

தேவகோட்டை ஆச்சி:
முதலிலேயே சொல்லுங்கள் தம்பி. இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுத உட்கார்ந்தால் இரண்டு பக்கத்துக் கோயிலும் ஊரும் விலாசமும் வந்தே தீரும். அன்றைக்குத் தெரிந்தால் அந்தப் பெண்ணைத்தான் ஏசுவார்கள். இன்னொன்று, உங்களைக் கட்டினால் அவளுக்கும் புள்ளி இருக்காது. அதை அவள் யோசித்தாளா?

சும்மா ஒருத்தன்:
எனக்குப் புள்ளி இருக்கிறது. வரி கட்டுகிறேன், அவ்வளவுதான்!

வக்கீல் குமாஸ்தா:
புள்ளி இருப்பவருக்கு அப்படித்தான் தெரியும், இல்லாதவரைக் கேளுங்கள். சரி, சட்டத்துக்கு வருவோம். கோயில் மாலை இல்லாவிட்டால் கல்யாணம் செல்லாது என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். 1967இல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி, இருவரும் இந்துக்கள் என்றால், உறவினர், நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலே போதும். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடிந்திருக்க வேண்டும். அப்புறம் மறக்காமல் பதிவு செய்துவிடுங்கள்.

கானாடுகாத்தான் பேரன்:
ஆச்சி, கேட்டேன். "எனக்கு இல்லாவிட்டால் பரவாயில்லை, பிள்ளைகளையும் கடைக்கு அனுப்புவார்களே" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் ஆயாவிடம் நேற்றே அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆயா இரண்டு நாள் பொறு என்றிருக்கிறார். அவள் ஐயாவுக்குத்தான் (தாத்தாவுக்கு) இன்னும் தெரியாது. அவரிடம் நான் பேசுவதா, அப்பச்சியா?

தேவகோட்டை ஆச்சி:
அப்பச்சி பேசட்டும். அம்மாவையும் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.