முப்பது மீட்டர் பிக்சலில் பதினெட்டு மீட்டர் எப்படித் தெரிந்தது?

மூங்கில்கம்பன்:
"பனிப்பாறைகளை அளக்க இனி எவரும் மலையேற வேண்டியதில்லை, லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களே போதும், நான் எடுத்துக்கொண்ட இமயப் பனிப்பாறையின் முகப்பு (கீழ் முனை) ஓராண்டில் 18 மீட்டர் பின்வாங்கியிருக்கிறது" என்று விண்கண் நேற்று எழுதியிருக்கிறார். லேண்ட்சாட் 8 தரும் வண்ணப் படத்தில் ஒரு பிக்சலின், அதாவது படத்தின் மிகச்சிறு சதுரப் புள்ளியின், பக்கம் தரையில் 30 மீட்டர். அதற்குள் 18 மீட்டரை எந்தக் கண்ணாடி போட்டுக் கண்டுபிடித்தார் என்பதை அவரே விளக்கட்டும்.

விண்கண்:
அதே செயற்கைக்கோளில் 15 மீட்டர் பிக்சலில் படமெடுக்கும் கருப்புவெள்ளை அலைப்பட்டை ஒன்று இருப்பது நண்பருக்குத் தெரியாது போலும். நான் ஒரே ஒரு புள்ளியை வைத்து அளக்கவில்லை. முகப்பின் அகலம் முழுவதும் பனி ஓடும் திசையிலேயே பல கோடுகளை வரைந்து, ஒவ்வொன்றிலும் பின்வாங்கிய தூரத்தைக் கணக்கிட்டுச் சராசரி எடுத்தேன். பனியில் கம்பு நட்டு உருகலை அளப்பது மட்டுமே அறிவியல் என்று நினைப்பவர்களிடம் இதற்கு மேல் என்ன சொல்வது?

மூங்கில்கம்பன்:
பதினைந்து மீட்டரே இருக்கட்டும். பதினெட்டு என்பது அதில் ஒன்றேகால் பிக்சலைக்கூட எட்டவில்லை. இரண்டு ஆண்டுகளின் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும்போதே அரைப் பிக்சல் அங்குமிங்கும் நகர்ந்துவிடும். அந்தப் பிழை எல்லாக் கோடுகளையும் ஒரே பக்கம் தள்ளும் என்பதால், நூறு கோடுகள் வரைந்து சராசரி எடுத்தாலும் அது கரையாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் அப்படியொரு முகப்பில் நின்றிருக்கிறேன். காலடியில் சாம்பல் நிறக் கற்களும் சேறும்தான் கிடந்தன. கல்லைப் புரட்டிய இடத்தில் கறுத்த பனி பளபளத்ததையும், அடியில் நீர் ஓடும் ஓசையையும் வைத்துத்தான் இன்னும் பனிப்பாறையின்மேல்தான் நிற்கிறோம் என்று தெரிந்தது. பச்சை ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத குற்றலை அகச்சிவப்பையும் ஒப்பிட்டு வெண்பனியைப் பிரிக்கும் உங்கள் சூத்திரத்துக்கு அந்தக் கல்லும் பக்கத்து மலைச்சரிவின் கல்லும் ஒன்றுதான்.

கணக்குப்பிள்ளை:
இருவரும் நீளத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கல் மூடிய பனிப்பாறைகள் பல, முகப்பு அசையாமல் மேற்பரப்பு மட்டும் தாழ்ந்துகொண்டே போகின்றன. 'சுருங்குகிறது' என்று நீங்கள் சொல்வது நீளத்தையா, பரப்பையா, எடையையா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளான ஹெக்ஸகன் 1970களில் எடுத்த படங்களிலிருந்து மேற்பரப்பின் உயரத்தை வரைந்து, இமயத்தின் 650 பனிப்பாறைகளைப் பிற்காலப் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. 1975 முதல் 2000 வரை ஆண்டுதோறும் இழந்ததைப்போல் ஏறத்தாழ இரு மடங்கை அவை 2000க்குப் பின் இழந்தன என்று அது காட்டியது. இதை எந்தக் கம்பு சொல்லியிருக்கும்?

மூங்கில்கம்பன்:
நான் கேட்டது 18 மீட்டரைப் பற்றி. பதிலுக்கு உளவுச் செயற்கைக்கோள் வருகிறது. உயரக் கணக்கும் அப்படியொன்றும் தூய்மையானதல்ல. 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து எடுத்த ரேடார் உயரவரைபடத்தை அடிப்படையாகக் கொண்டவர்கள், அந்த அலை உலர்ந்த பனிக்குள் சில மீட்டர் இறங்கிவிடுகிறது என்பதற்காகத் தனியே திருத்தம் போட வேண்டியிருந்தது. இமாசலப் பிரதேசத்தின் சோட்டா சிக்ரி பனிப்பாறையில் 2002 முதல் ஆண்டுதோறும் ஏறி அளக்கிறார்களே, அவர்களுக்கு வேறு வேலை இல்லையா?

பனியாற்றடி:
இத்தனை பேர் எழுதியும் ஒருவருக்கும் உறுத்தவில்லை. கடலில் மிதப்பது பனிப்பாறை. மலையில் மெல்ல நகர்ந்து இறங்குவது பனியாறு. பெயரையே தவறாக எழுதுபவர்கள் மீட்டருக்குச் சண்டை போடுவது வேடிக்கையாக இருக்கிறது.

விண்கண்:
இலக்கண வகுப்பை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம். மூங்கில்கம்பனின் கோபம் எனக்குப் புதிதல்ல. இமயப் பனிப்பாறைகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்று ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2007 அறிக்கையில் இருந்த வரியை அவர் இங்கே தூக்கிப் பிடித்தபோது, அது தவறென்று 2010இலேயே ஒப்புக்கொள்ளப்பட்டதை எடுத்துக்காட்டியவன் நான். அன்றிலிருந்து என் எழுத்தில் பிக்சல் பிக்சலாகக் குறை தேடுகிறார். இமயத்துக்கு வடமேற்கே உள்ள காரகோர மலைத்தொடரில் பல பனிப்பாறைகள் எடை குறையாமல் நின்றதை அத்தனை பெரிய பரப்புக்கும் அளந்து காட்டியது மலையேறியவர்களா, செயற்கைக்கோளா?

மூங்கில்கம்பன்:
காரகோரத்தின் அந்த விந்தையை 2005இல் எழுதிய பனிப்பாறை ஆய்வாளர் கென்னத் ஹியூவிட் பல்லாண்டுகள் அந்த மலைகளில் நடந்தவர். அது கிடக்கட்டும், 2035ஐ இழுத்தாலும் என் கேள்வி மாறாது: 18 மீட்டர் எங்கிருந்து வந்தது? அந்த இரண்டு படங்களும் எந்தெந்த நாளில் எடுக்கப்பட்டவை?

விண்கண்:
முதலாவது செப்டம்பர் 28, அடுத்த ஆண்டின் படம் நவம்பர் 3. செப்டம்பரில் அந்த ஆண்டு மேகமில்லாத படமே கிடைக்கவில்லை. அதனால் முடிவு மாறிவிடாது.

மூங்கில்கம்பன்:
நவம்பரா! புதுப்பனி விழுந்து கல்லையும் பனிப்பாறையையும் ஒரே வெள்ளையாக மூடியிருக்கக்கூடிய மாதத்தில் முகப்பைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள்.

கணக்குப்பிள்ளை:
முப்பது ஆண்டுகளுக்கு அளந்தால் இதே வேகத்தில் 540 மீட்டர் வரும். அது லேண்ட்சாட்டின் 30 மீட்டர் பிக்சலிலேயே 18 பிக்சல். ஓராண்டை விட்டுவிட்டு அதைப் பேசினால் என்ன?

மூங்கில்கம்பன்:
அவர் எழுதியது ஓராண்டு.

விண்கண்:
ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல் 2இன் பத்து மீட்டர் படங்களை வைத்து மறுபடி அளந்து போடுகிறேன். அப்போதும் 18தான் வரும்.

பனியாற்றடி:
போடும்போது பனியாறு என்று எழுதுங்கள்.

மூங்கில்கம்பன்:
பத்து மீட்டரில் 18 என்பது இரண்டு பிக்சல்கூட இல்லை. படங்களின் தேதியையும் சேர்த்தே போடுங்கள்.