பிரைட்டன் கட்டடங்களின் பின்பக்கம்

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிரைட்டன் என்றாலே எல்லோரும் ராயல் பெவிலியன் என்ற அரண்மனையின் படத்தைத்தான் போடுகிறீர்கள், நான் வீட்டுச் சுவரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹோவ் பக்கம் பிரன்ஸ்விக் சதுக்கத்தை ஒட்டிய தெருவில் கொஞ்ச காலம் வாடகைக்கு இருந்தேன். வெளியே பார்த்தால் 1820களின் பணக்காரக் களை, தூண்கள், வளைந்து புடைத்த ஜன்னல்கள், தெரு முழுக்க ஒரே கிரீம் நிறம். உள்ளே ஒரு அலமாரி மாட்ட ஆள் வந்தார். டிரில் முதலில் மாவுக்குள் போவதுபோலப் போனது, அப்புறம் கடகடவென்று எதிலோ முட்டி நின்றது, பிட்டின் முனை போயே போச்சு. கீழே கொட்டியதைப் பார்த்தால் சுண்ணாம்பு, உடைந்த செங்கல், சக்கிமுக்கிக் கல் சில்லு. அவர் சிரித்துக்கொண்டே "பங்கரூஷ்" என்றார்.

அது இந்த ஊர்ச் சரக்கு. பலகை அடித்து, கிடைத்த கல்லையும் செங்கல் துண்டையும் கூழாங்கல்லையும் சுண்ணாம்புக் கலவையோடு உள்ளே கொட்டி இறுகவிட்டால் சுவர். மேலே வழவழவென்று பூச்சு பூசி, கல் கட்டடம்போலக் கோடு கீறிவிடுவார்கள். தண்ணீர் அதிகம் இறங்கினால் உதிரும், அதனால் நல்ல குழாய் ஒன்று இருந்தால் பாதி ஊரைக் கரைத்துவிடலாம் என்று உள்ளூரில் கேலி உண்டு. எங்கள் வீட்டுக்காரர் சிமெண்ட் பூசியிருந்தார். சுண்ணாம்புப் பூச்சு என்றால் ஈரம் தானாக வெளியேறும், சிமெண்டில் அது வழியில்லாமல் அடைபட்டு, குளிர்காலம் முழுக்க கட்டில் பக்கத்துச் சுவர் கறுத்துக் கிடந்தது. சொன்னால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்பார். ஜனவரியில்!

இது தெரிந்த பிறகு ஊரே எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. ராயல் கிரசென்ட் வீட்டு வரிசையில் பளபளக்கும் கறுப்புச் செங்கல் இருக்கிறதே, அது செங்கலே இல்லை, செங்கல்போலத் தெரிய சுவரில் தொங்கவிட்ட ஓடு. கெம்ப் டவுனில் பல வீடுகளை வெறும் கூடாகக் கட்டி விற்றிருக்கிறார்கள், உள்வேலை வாங்கியவர் பாடு. அதனால் முன்பக்கம் அணிவகுப்பு மாதிரி ஒழுங்கு, பின்சந்தில் போய்ப் பார்த்தால் ஆளுக்கொரு உயரம், ஆளுக்கொரு ஜன்னல், குழாய்கள் போன இடமெல்லாம் போகின்றன. எனக்கு அந்தப் பின்சந்துதான் பிடிக்கும். வெளியூர்க்காரர் யாரும் அங்கே படம் எடுக்க வருவதில்லை.

சரி, பெவிலியனையும் சொல்லிவிடுகிறேன். இளவரசர் ஜார்ஜுக்காக ஜான் நாஷ் 1815இலிருந்து மாற்றிக் கட்டியது. இரண்டு பேருமே இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை, டேனியல்கள் என்ற ஓவியர்கள் இந்தியாவுக்கு வந்து வரைந்துபோன படங்கள்தான் கைவசம். கூம்பும் குவிமாடமுமாக வெளியே இந்தியா, உள்ளே சீனா, அதையெல்லாம் தாங்குவது பழைய வீட்டின்மேல் ஏற்றிய வார்ப்பிரும்புச் சட்டம். சமையலறையில் இரும்புத் தூண்களின் உச்சியில் செம்பில் பனை ஓலை விரித்திருக்கிறார்கள். அதன் கீழே ரொம்ப நேரம் நின்றேன், சிரிப்பும் வந்தது, மனசும் ஒட்டிக்கொண்டது.

ஆனால் 1914 கடைசியில் நிஜ இந்தியர்களே அந்தப் பொய் இந்தியாவுக்குள் வந்து படுத்தார்கள், முதல் உலகப் போரில் காயம்பட்ட சிப்பாய்களாக; பெவிலியன் அப்போது அவர்களுக்கான ஆஸ்பத்திரி. மதம், சாதி பார்த்து ஒன்பது சமையற்கூடங்கள், இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய். இறந்த இந்து, சீக்கிய வீரர்களை ஊருக்கு வெளியே பாட்சம் மேட்டில் எரித்தார்கள், அங்கே 1921இல் சத்ரி என்ற நினைவு மண்டபம் எழுப்பப்பட்டது. சாலையிலிருந்து கொஞ்சம் ஏற வேண்டும், மழை நாளில் சேறு வழுக்கும், நல்ல ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

கடைசியாக, என்னோடு யாரும் ஒத்துக்கொள்ளாத ஒன்று: எம்பசி கோர்ட். வெல்ஸ் கோட்ஸ் 1935இல் கட்டிய பதினொரு மாடி கான்கிரீட் குடியிருப்பு, பிரன்ஸ்விக் டெரஸ் வீடுகளின் கிரீம் வரிசைக்கு ஒட்டினாற்போல் நிற்கிறது. பல வருஷம் துருவேறிச் சீரழிந்து கிடந்ததை 2000களின் நடுவில் குடியிருப்பவர்களே பொறுப்பெடுத்துச் சரிசெய்தார்கள். இடித்திருக்கலாம் என்று என் கூட வேலை பார்த்தவர் இன்னமும் சொல்லுவார். எனக்கு அந்தக் கடற்கரையிலேயே பிடித்த கட்டடம் அதுதான், வேண்டுமானால் சண்டைக்கு வாருங்கள்.