அட்டை எண்ணை இரண்டு மின்னஞ்சல்களாகப் பிரித்து அனுப்புவது பாதுகாப்பானதா?

வினா: பொருநைக்கரை

நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். பழைய நிலப்படங்களைச் சேர்ப்பது என் வழக்கம். இங்கிலாந்தில் ஒரு சிற்றூரில் பழைய நூல்களும் படங்களும் விற்கும் முதியவர் ஒருவரிடம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான திருநெல்வேலிச் சீமையின் படம் ஒன்று இருப்பதாக அறிந்து எழுதிக் கேட்டேன். அஞ்சல் செலவு சேர்த்து 140 பவுண்டு என்றார். அவருக்கு இணையக் கடை கிடையாது. கடன் அட்டையின் எண்ணில் முதல் எட்டு இலக்கங்களை ஒரு மின்னஞ்சலிலும், எஞ்சிய எட்டு இலக்கங்களோடு காலாவதி மாதத்தையும் பின்புறமுள்ள மூன்று இலக்கங்களையும் இன்னொரு மின்னஞ்சலிலும் அனுப்பும்படியும், விரும்பினால் தொலைபேசியிலேயே சொல்லிவிடலாம் என்றும், முப்பது ஆண்டுகளாக வாடிக்கையாளர்கள் இப்படித்தான் பணம் செலுத்துகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறார். அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. இப்படிப் பிரித்து அனுப்புவதால் உண்மையில் ஏதேனும் காப்பு உண்டா? கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. இல்லாமல் என் அட்டையிலிருந்து யாரும் பணம் எடுக்க முடியாது என்று என் மகன் சொல்வது சரிதானா?

மறுமொழி: கணக்கர்

ஐயா, நான் ஒரு வங்கியின் அட்டைப் பிரிவில் ஏழாண்டுகள் பணியாற்றியவன். தங்கள் மகன் சொல்வது உள்நாட்டு இணையக் கடைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரி. இந்த முதியவரைப் பொறுத்தவரை சரியன்று. அட்டையை நேரில் காட்டாமல் இணையத்தில் வாங்கும்போது கூடுதலாக ஒரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 பிப்ரவரியில் ஆணையிட்டு, அவ்வாண்டு ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. நமக்கு இன்று பழகிப்போன ஓ.டி.பி. அந்த ஆணையின் வழியே வந்தது. ஆனால் அந்த ஆணை வெளிநாட்டு வணிகரைக் கட்டுப்படுத்தாது. அங்குள்ளவர் தம் கருவியில் அட்டை எண்ணையும் காலாவதி மாதத்தையும் தட்டினால், தங்கள் வங்கி ஒப்புக்கொள்ளும் பட்சத்தில், எந்தக் குறுஞ்செய்தியும் கேட்காமலே பணம் போய்விடும். சில பெரிய வெளிநாட்டுத் தளங்கள் பின்புற மூன்று இலக்கங்களைக்கூடக் கேட்பதில்லை. 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய நெறிமுறை, வெளிநாட்டு வணிகர் கூடுதல் சரிபார்ப்பைக் கேட்டால் அதைச் செய்து தருவதற்கு இந்திய வங்கிகள் 2026 அக்டோபர் 1க்குள் ஆயத்தமாக வேண்டும் என்கிறது. அதிலும் 'கேட்டால்' என்பதே முக்கியம். தொலைபேசியில் எண்ணைக் கேட்டுக் கையால் தட்டும் வணிகரிடம் அப்படிக் கேட்பதற்கான பக்கமே இல்லை.

இரண்டு மின்னஞ்சல் உத்தியைப் பார்ப்போம். பதினாறு இலக்க எண்ணில் தொடக்கத்திலுள்ள ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் எந்த வங்கி, எந்த வகை அட்டை என்பதை மட்டுமே காட்டும். அதே தொடக்கம் ஆயிரக்கணக்கானோரின் அட்டைகளில் இருக்கும், பொதுப் பட்டியல்களிலும் கிடைக்கும். கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டுப் பெறும் சரிபார்ப்பு இலக்கம். ஆகவே தங்களுக்கே உரிய இலக்கங்கள் ஏறக்குறைய முழுவதும் இரண்டாவது மின்னஞ்சலில்தான் இருக்கின்றன. முதலாவதில் மறைக்க வேண்டியது அநேகமாக ஒன்றுமில்லை. பூட்டையும் சாவியையும் இரண்டு பைகளில் அனுப்புவதாக நினைத்துக்கொண்டு, சாவியை ஒரு பையிலும் வெறும் துணியை மறு பையிலும் அனுப்புகிறோம்.

வழியில் யாரோ பறித்துவிடுவார்கள் என்பதைவிட, போய்ச் சேர்ந்த இடத்தில் அது கிடக்கும் என்பதே எனக்குப் பெரிய கவலை. பின்புற மூன்று இலக்கங்களை, ஒப்புதல் கிடைத்தபின் வணிகர் எந்த வடிவிலும் வைத்திருக்கக் கூடாது என்பது அட்டை நிறுவனங்களின் பொதுவான பாதுகாப்பு விதி. மின்னஞ்சலில் அனுப்பினால் அவருடைய பெட்டியிலும், தங்கள் 'அனுப்பியவை' பகுதியிலும் ஆண்டுக்கணக்கில் அது இருக்கும். பத்தாண்டுக்குப் பிறகு அவர் கடவுச்சொல் களவுபோனாலும் வாடிக்கையாளர் அனைவருடைய விவரமும் ஒரே தேடலில் கிடைக்கும். இரண்டில் ஒன்றைச் செய்தே ஆக வேண்டுமென்றால் தொலைபேசியே மேல். சொல்லச் சொல்ல அவர் கருவியில் தட்டட்டும், தாளில் குறிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட மேலானது, பேபால் என்னும் இணையப் பணச் சேவை வழியாகவோ கட்டண இணைப்பு வழியாகவோ வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்பது. அப்போது எண் அவர் கண்ணிலேயே படாது.

மறுமொழி: மலைநாட்டான்

நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு மலைவாசத்தலத்தில் விடுதி அறைக்கு முன்பணமாக, அட்டையின் இருபுறத்தையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து ஒரு நள்ளிரவில், ஒரு டாலருக்கும் குறைவான ஒரு தொகையும், கால்மணி நேரத்தில் பெருந்தொகையாக இரண்டும் டாலரில் போயின. முதலாவது, அட்டை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதற்காம். அந்தப் படம்தான் காரணம் என்று என்னால் நிறுவ முடியாது. என் கைப்பேசியின் படத்தொகுப்பிலும், அதன் நகல் சேமிக்கப்படும் இணையக் கணக்கிலும்கூட அதே படம் கிடந்ததை அன்றுதான் கவனித்தேன்.

விடியுமுன் அட்டையை முடக்கிவிட்டு, அன்றே எழுத்திலும் புகார் கொடுத்தேன். அப்போது நடப்பிலிருந்த, 2017 ஜூலை 6ஆம் தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, வங்கியின் மீதும் நம் மீதும் தவறில்லாமல் வேறெங்கோ நிகழ்ந்த கசிவால் பணம் போயிருந்தால், வங்கியின் அறிவிப்பு கிடைத்த 3 வேலை நாள்களுக்குள் புகார் செய்தவருக்கு இழப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாள் வரை தாமதித்தால், 5 லட்சம் ரூபாய் வரையிலான கடன் வரம்புள்ள அட்டைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாயும், அதற்கு மேற்பட்ட வரம்புள்ள அட்டைக்கு 25,000 ரூபாயும் நம் பொறுப்பு. புகார் சொன்ன 10 வேலை நாள்களுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகவேனும் வரவு வைக்க வேண்டும். எனக்கு அப்படியே வரவு வைத்தார்கள். ஆனால் விசாரித்த அலுவலர் கேட்ட முதல் கேள்வி, "விவரத்தை யாருக்காவது கொடுத்தீர்களா?" என்பதுதான். நாமே விவரத்தைக் கொடுத்த கவனக்குறைவால் நிகழ்ந்ததென்றால், புகார் செய்யும்வரையிலான இழப்பு முழுவதும் நம்முடையது என்று அதே சுற்றறிக்கை சொன்னது. நம் தவறை நிறுவும் பொறுப்பு வங்கியுடையது என்றும் அதில் இருந்ததால், இரண்டு மாத இழுபறிக்குப் பின் தப்பினேன்.

மறுமொழி: வெள்ளாறு

எல்லோரும் மிகையாக அஞ்சுகிறீர்கள் என்று தோன்றுகிறது. உணவகத்தில் பணியாளர் அட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போன காலத்தில் யாரும் பதறவில்லை. பிரிட்டனில் தொலைபேசியில் எண்ணைச் சொல்லி வாங்குவது பல்லாண்டுப் பழக்கம். அந்த மக்களெல்லாம் ஏமாளிகளா?

மறுமொழி: கணக்கர்

ஏமாளிகள் அல்லர் நண்பரே. அவர்களுக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. அந்நாட்டின் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கடன் அட்டையில் வாங்கியவர், விற்றவர் ஏமாற்றினால் அட்டை கொடுத்த நிறுவனத்திடமே ஈடு கேட்க வழிசெய்கிறது. 140 பவுண்டுப் படம் அந்த வரம்புக்குள் வருகிறது. ஆனால் இந்திய வங்கி கொடுத்த அட்டைக்கு அந்தச் சட்டம் கைகொடுக்காது. நமக்கு உள்ளது, கொடுத்த பணத்தை வணிகரிடமிருந்து வங்கி வழியே திரும்பக் கோரும் 'சார்ஜ்பேக்' என்னும் அட்டை நிறுவன நடைமுறை மட்டுமே. அது சட்ட உரிமை அன்று. கால வரம்புகளும் சான்றுகளும் கொண்ட வழக்காடல்.

பொருநைக்கரை ஐயாவுக்கு இன்னொன்று. வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாடு என்ற தெரிவு இருக்கும். அட்டைதாரரே இதைத் திறக்கவும் மூடவும் வழிசெய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020இல் வங்கிகளைப் பணித்தது. பணம் செலுத்தும் நேரத்தில் மட்டும் திறந்து, வரம்பைப் படத்தின் விலைக்குச் சற்று மேலாக வைத்து, ஒப்புதல் வந்ததும் மூடிவிடுங்கள். பிறகு எண் யார் கையில் இருந்தாலும், வெளிநாட்டில் அதைத் தட்டினால் மறுப்புத்தான் வரும். அந்நியச் செலாவணிக்கென வங்கி எடுக்கும் கூடுதல் விழுக்காட்டையும் வரம்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதை மறந்து மறுக்கப்பட்டவர்கள் பலர்.

மறுமொழி: பொருநைக்கரை

அனைவருக்கும் நன்றி. முதியவருக்கு எழுதினேன்; அவருடைய பேத்தி பேபாலில் ஒரு கோரிக்கை அனுப்பினார். வெளிநாட்டுப் பயன்பாட்டை மாலை ஆறரைக்குத் திறந்து, ஆறு ஐம்பதுக்கு மூடினேன். முதல்முறை மறுக்கப்பட்டது, செலாவணிக் கட்டணத்தை நான்தான் மறந்திருந்தேன். வரம்பை உயர்த்தியதும் பணம் போய்ச் சேர்ந்தது. எண்ணைப் பிரித்து அனுப்பும் யோசனையை இனி யாருக்கும் சொல்லப் போவதில்லை என்று முதியவர் எழுதியிருக்கிறார். பழைய மின்னஞ்சல்களை அழித்துவிட்டாரா என்று கேட்கலாமா, அது மரியாதைக் குறைவாகுமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். படம் இன்னும் வரவில்லை.