படகு அறை வாசலில் கொசுவலை நிற்கவில்லை, உதவி தேவை

கேள்வி:
என் சிறிய பாய்மரப் படகின் அறை வாசலுக்கு வீட்டிலேயே ஒரு கொசுவலை செய்தேன். வாசல் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கிறது. மேலே உள்ள மூடியை முன்னே தள்ளினால் கூரையிலும் ஒரு திறப்பு உண்டாகிறது. பழைய படுக்கைக் கொசுவலையை இரண்டு திறப்புகளுக்கும் அளவாக வெட்டி, பசையுள்ள வெல்க்ரோவைக் கொண்டு சட்டத்தைச் சுற்றி ஒட்டினேன். இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. வெயிலில் பசை இளகி, நாடா வலையோடு சேர்ந்து தொங்குகிறது; மரத்தில் பிசுபிசுப்பான கோடுதான் மிச்சம். ஒட்டியிருந்த நாள்களிலும் பொடிப்பூச்சிகள் அந்தியில் உள்ளே வந்து கடித்தன. சட்டத்தில் துளையிட எனக்கு மனமில்லை. காந்தம் வைக்கலாமா?

மறுமொழி 1:
படுக்கைக் கொசுவலையில் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 156 துளைகள் இருக்கும். அது கொசுவைத் தடுக்கும். 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே உள்ள பொடிப்பூச்சிகளுக்கு அது திறந்த கதவு. துளை ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் உள்ள பாலியெஸ்டர் வலையை வாங்குங்கள். காற்று குறையும் என்பது உண்மைதான். ஆனால் வலையை அளவாக வெட்டாமல், கூரைத் திறப்பையும் வாசலையும் ஒருசேரப் போர்த்தும் தொளதொளப்பான திரையாகத் தைத்தால், காற்று நுழையும் பரப்பு கூடி அந்தக் குறையில் ஒரு பகுதி ஈடாகும்.

ஒட்டும் வேலையையே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு பக்கமும் 15 சென்டிமீட்டராவது கூடுதலாக விட்டு, ஓரத்தை மடித்துக் குழாய்போல் தைத்து, அதற்குள் மெல்லிய துருப்பிடிக்காத எஃகுச் சங்கிலியைக் கோத்துவிட்டால், திரை தன் எடையாலேயே படிந்து கிடக்கும். நான் முதலில் தூண்டில் ஈயக் குண்டுகளைத்தான் இட்டேன். குண்டுகளுக்கு நடுவே ஓரம் காற்றில் தூக்கிக்கொண்டது. தைக்கும் நூலும் பாலியெஸ்டராக இருக்கட்டும். பருத்தி நூல் வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் இற்றுவிடும்.

மறுமொழி 2:
சுக்கான் அருகே திசைகாட்டி இருந்தால் காந்தம் வேண்டாம். அதன் அருகில் வரும் சிறு காந்தமும் முள்ளை விலக்கிவிடும். திரையைக் கழற்றி வைக்கும் இடத்தையும் சேர்த்தே சொல்கிறேன். இன்னொன்று: வெளியேற அறை வாசலே முதன்மை வழி என்பதால், இருட்டில் ஒரு கையால் தள்ளினாலே விலகும்படி திரை இருக்க வேண்டும். அந்த வகையில் சங்கிலித் திரை, ஒட்டிய வலையைவிட எனக்கு மேலானதாகவே தோன்றுகிறது.

கேட்டவர்:
சங்கிலி வைத்துத் தைத்துவிட்டேன். பக்கங்களும் கீழ் ஓரமும் நன்றாகப் படிகின்றன. ஆனால் பூச்சி இன்னும் ஒன்றிரண்டு வருகிறது.

மறுமொழி 1:
இருட்டிய பிறகு அறைக்குள் டார்ச்சை ஏற்றி வைத்துவிட்டு, வெளியே நின்று எங்கெங்கே வெளிச்சம் நேராகக் கசிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேல்மூடி ஓடும் பள்ளமாகத்தான் இருக்கும்.

கேட்டவர்:
அதேதான். மூடியின் இரு பக்கப் பள்ளங்களிலும் விரல் நுழையும் அளவு இடைவெளி இருந்தது. பஞ்சுத் துண்டுகளை அளவாக வெட்டிச் செருகியிருக்கிறேன். மூடியைச் சாத்தும்போது அவற்றை எடுத்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை. நேற்று அந்தி முழுவதும் ஒரு கடிகூட இல்லை.