கன்டெய்னர் மீட்டர் இரண்டிலும் 420, ஆனால் கீழ் செக்ஷன் மட்டும் நீளமாக ஓடுகிறது: உதவி தேவை

பிரஸ் மெயின்டனன்ஸ் (கேள்வி)

வணக்கம். 7 இன்ச் அலுமினியம் எக்ஸ்ட்ரூஷன் பிரஸ்ஸில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன் (பில்லெட் என்ற சூடான அலுமினியக் கட்டையை கன்டெய்னர் என்ற சூடான உருளைக்குள் வைத்து, ஸ்டெம் என்ற தண்டால் தள்ளி, டையின் ஓட்டை வழியாக நீளமான செக்ஷனாகப் பிதுக்கி எடுக்கும் இயந்திரம்). பெரும்பாலும் 6063 அலுமினியக் கலவைதான் ஓட்டுகிறோம். இரண்டு வாரமாக ஒரு பிரச்சினை, தலையைப் பிய்த்துக்கொள்கிறோம்.

மேலும் கீழுமாக இரண்டு ஓட்டை உள்ள டை போட்டால் கீழ் செக்ஷன் மேலதைவிட வேகமாக வருகிறது. 24 மீட்டர் ஓட்டத்தில் 700 மில்லிமீட்டர் வரை வித்தியாசம். செக்ஷனைப் பிடித்து இழுக்கும் புல்லர் இல்லாத பழைய லைன் என்பதால் கண்ணுக்கே தெரிகிறது. கீழ் செக்ஷனின் பின்பாதியில் மங்கலான கோடுகளும் வருகின்றன.

கன்டெய்னரில் மேல் பாதிக்கு 6, கீழ் பாதிக்கு 6 என மொத்தம் 12 கார்ட்ரிட்ஜ் ஹீட்டர். ஒவ்வொன்றும் 2 கிலோவாட். மேல், கீழ் இரண்டுக்கும் தனித்தனி கன்ட்ரோலர், தனித்தனி கே டைப் தெர்மோகப்பிள் (இரண்டு உலோகக் கம்பி சேர்ந்த வெப்ப உணரி). இரண்டு மீட்டரிலும் 420 டிகிரி அசையாமல் நிற்கிறது. பில்லெட் 450. போன மாதம் ஷட்டவுனில் சில ஹீட்டர்களையும் பேனல் வரைக்கும் உள்ள ஒயரிங்கையும் மாற்றினோம். அதற்கு முன்னால் இந்தத் தொல்லை இல்லை.

கீழ் ஹீட்டர் ஆறையும் புதிதாக மாற்றிவிடலாம் என்று ஷிப்ட் இன்சார்ஜ் சொல்கிறார். அனுபவப்பட்டவர்கள் வழி சொல்லுங்கள்.

டை கரெக்டர்

தம்பி, முதலில் டை மேல் தப்பா இல்லையா என்று முடிவு செய்யுங்கள். அடுத்த ஓட்டத்தில் டையை 180 டிகிரி திருப்பிப் போடுங்கள். நீளமாக ஓடுவது மேலே போய்விட்டால் டை பேரிங்கில் (உலோகம் உரசி வெளிவரும் ஓட்டைச் சுவரில்) வேலை இருக்கிறது, எங்களிடம் அனுப்புங்கள். திருப்பிய பிறகும் கீழேயே ஓடினால் டையைத் தொடாதீர்கள். வெப்பம் அல்லது அலைன்மென்ட், இரண்டில் ஒன்றுதான்.

இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். கன்டெய்னர் சூட்டில் உள்ள கோளாறுக்கு நல்ல டையை ராவி ராவி வீணாக்கியதை நிறையப் பார்த்திருக்கிறேன். கோளாறு சரியான அன்று அந்த டை எதிர்ப்பக்கம் ஓடும். ராவி எடுத்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

பிரஸ் மெயின்டனன்ஸ்

அண்ணா, திருப்பிப் பார்த்தோம். கீழேதான் ஓடுகிறது. வேறு இரண்டு டையிலும் அப்படியே. கன்டெய்னர், ஸ்டெம், டை அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது.

ஷார்ஜா பிரஸ்

இதில் எனக்கு உறுத்துவது கீழ்ப்பக்கம் என்பதுதான். சூடு மேலே ஏறும், அதனால் எந்தக் கன்டெய்னரிலும் மேல்பாகம்தான் கொஞ்சம் கூடுதலாக இருக்கப் பார்க்கும். வழக்கமாக வரும் புகார் "மேல் செக்ஷன் முந்துகிறது" என்பதுதான். உங்களுக்குத் தலைகீழாக இருக்கிறது என்றால் கீழே ஏதோ கூடுதல் சூடு போகிறது. அந்த மங்கலான கோடும் அதையே சொல்கிறது. கன்டெய்னரை பில்லெட்டைவிட 20 முதல் 50 டிகிரி குறைவாக வைப்பது பில்லெட்டின் மேல்தோல் லைனர் (கன்டெய்னரின் உள்குழாய்) சுவரில் ஒட்டி நிற்கட்டும் என்றுதான். லைனர் அளவுக்கு மேல் சூடானால் அந்த அழுக்குத் தோல் வழுக்கிக்கொண்டு செக்ஷனுக்குள் போய்விடும்.

மீட்டரை நம்பாமல் லைனருக்குள் நேரடியாக அளந்து பாருங்கள். ஷிப்ட் முடிந்ததும் கன்டெய்னரைப் பின்னால் இழுத்து, மெயினை ஆஃப் செய்து பூட்டுப் போட்டுவிட்டு, தொடு முனை உள்ள கையடக்கத் தெர்மோமீட்டரால் எடுங்கள். இன்ஃப்ராரெட் கன் வேண்டாம். லைனர் சுவரில் அலுமினியம் பூசியிருக்கும், பளபளப்பில் அது கண்டதையும் காட்டும்.

பேனல் போர்டு

அத்துடன் கிளாம்ப் மீட்டரை எடுத்து 12 ஹீட்டர் ஒயரையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். 230 வோல்ட்டில் 2 கிலோவாட் என்றால் ஒவ்வொன்றும் 8.7 ஆம்பியர் அளவுக்கு இழுக்க வேண்டும். எது இழுக்கிறது, எது இழுக்கவில்லை என்று எழுதி இங்கே போடுங்கள். எஸ்எஸ்ஆர் (ஹீட்டரை ஆன், ஆஃப் செய்யும் ரிலே) விளக்கு மேல் மண்டலத்தில் எவ்வளவு நேரம் எரிகிறது, கீழ் மண்டலத்தில் எவ்வளவு நேரம் என்பதும் வேண்டும்.

பிரஸ் மெயின்டனன்ஸ்

நேற்று இரவு எல்லாம் எடுத்துவிட்டேன்.

லைனர் மேல்பக்கம், அதாவது 12 மணி இடத்தில்: டை முனையில் 409, நடுவில் 421, ஸ்டெம் முனையில் 412. கீழே 6 மணி இடத்தில் அதே வரிசையில் 438, 457, 441. பக்கவாட்டில் இரண்டுக்கும் நடுவே.

ஹீட்டர்: கீழே ஆறும் 8.5 முதல் 8.8 ஆம்பியர். மேலே ஐந்து சரி, ஒன்று பூஜ்யம். எஸ்எஸ்ஆர் விளக்கு கீழே அணைவதே அபூர்வம். மேலே எப்போதாவது மினுக்கென்று எரிகிறது.

ஆக, மேலே ஒரு ஹீட்டர் செத்ததால் மேல்பாகம் குளிர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

டை கரெக்டர்

கீழே நடுவில் 457, பில்லெட்டோ 450! இதில் எங்கிருந்து தோல் ஒட்டி நிற்கும்?

பேனல் போர்டு

செத்த ஹீட்டரை மாற்றுங்கள், அது எப்படியும் செய்ய வேண்டிய வேலை. ஆனால் உங்கள் நோய் அது இல்லை. ஆறில் ஒன்று போனால் கன்ட்ரோலர் மற்ற ஐந்தையும் கூடுதல் நேரம் எரியவிட்டு 420-ஐ எட்டிப் பிடிக்கும். உங்களிடம் மேல் எஸ்எஸ்ஆர் சும்மா கிடக்கிறது. கீழே இருந்து ஏறி வரும் சூடே அதற்குப் போதுமாக இருக்கிறது. மேல்பாகம் சொன்னபடி 420-இல் நிற்கிறது. கீழ்ப்பாகம்தான் மீட்டருக்குத் தெரியாமல் மேலே போய்விட்டது. அங்கே தெர்மோகப்பிள் குறைத்துக் காட்டுகிறது.

ஒயரிங் மாற்றினோம் என்றீர்கள். தெர்மோகப்பிள் தலையிலிருந்து (ஒயரை இணைக்கும் பெட்டி) பேனலுக்கு வரும் எக்ஸ்டென்ஷன் ஒயரையும் மாற்றினீர்களா? என்ன நிறம்?

பிரஸ் மெயின்டனன்ஸ்

மாற்றினோம் சார். பழைய ஒயர் பச்சை, வெள்ளை. கீழ் மண்டலத்துக்குப் புதிதாகப் போட்டது மஞ்சள், சிவப்பு. கே டைப்புக்கு உரியது என்று ஒயர் மேலேயே அச்சடித்திருக்கிறது. தெர்மோகப்பிள் சரிதான் என்று நினைக்கிறேன். திங்கட்கிழமை காலையில் எல்லாம் ஆறிக் கிடக்கும்போது இரண்டு மீட்டரும் 34 காட்டின, ஒரு டிகிரிகூட வித்தியாசம் இல்லை.

பேனல் போர்டு

அந்த 34-தான் உங்களை ஏமாற்றியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

மஞ்சள், சிவப்பு என்பது அமெரிக்க முறை. அதில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். நம் கை டிசி வேலையில் பழகிய கை, சிவப்பைப் பார்த்ததும் பிளஸ்ஸில் போய்ச் செருகும். ஒரு முனையில் மட்டும் மாற்றிப் போட்டிருந்தால் சூடு ஏற ஏற மீட்டர் கீழே இறங்கும், அன்றைக்கே பிடிபட்டிருக்கும். தலையிலும் பேனலிலும் இரண்டு முனையிலும் மாற்றிப் போட்டால்தான் வம்பு. மீட்டர் ஒழுங்காக ஏறும், ஒழுங்காக நிற்கும், ஆனால் குறைவாகக் காட்டும்.

எவ்வளவு குறைவு என்றால், தெர்மோகப்பிள் தலைக்கும் பேனலுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் போல் இரு மடங்கு. எக்ஸ்டென்ஷன் ஒயர் சேர்த்துக் கொடுக்க வேண்டிய மில்லிவோல்ட்டைக் கழித்துக் கொடுக்கிறது. சேர வேண்டியது சேரவில்லை, அதற்கு மேல் அதே அளவு கழிகிறது, அதனால்தான் இரு மடங்கு. எல்லாம் ஆறிக் கிடக்கும்போது தலையும் பேனலும் ஒரே சூடு, வித்தியாசம் பூஜ்யம். அதனால் தவறும் பூஜ்யம். திங்கட்கிழமை காலையில் எத்தனை முறை பார்த்தாலும் சரியாகத்தான் காட்டும்.

சோதனை சுலபம். பிரஸ் சூடாக ஓடும்போது, கீழ் தெர்மோகப்பிளின் தலைப் பெட்டியை மட்டும் ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். ஒருவர் மீட்டரைப் பார்க்கட்டும். ஒயரிங் சரி என்றால் மீட்டர் அசையக்கூடாது. தலை 10 டிகிரி ஏறியதும் மீட்டர் 10 இறங்கினால் நடுவில் யாரோ சாதாரணச் செம்பு ஒயரைப் போட்டிருக்கிறார்கள். 20 இறங்கினால் இரண்டு முனையும் தலைகீழ்.

இன்னொரு வாசகர்

அவ்வளவு எதற்கு? கீழ் மண்டலத்தின் செட் பாயின்ட்டை 50 குறைத்து 370 வைத்தால் போகிறது. நாங்கள் அப்படித்தான் ஓட்டுகிறோம்.

ஷார்ஜா பிரஸ்

வேண்டாம் நண்பரே. இந்தத் தவறு நிலையான தவறு இல்லை. காலையில் பூஜ்யத்தில் தொடங்கி, தலை சூடாகச் சூடாகக் கூடும். பேனல் ஃபேன் நின்று பேனல் சூடானால் குறையும். இன்றைக்குச் சரியாக வந்த 370 நாளை மதியம் சரியாக வராது. ஆறு மாதம் கழித்து ஒருவர் ஒயரை ஒழுங்காக மாட்டினால், அந்த 370 உண்மையாகவே 370 ஆகிவிடும். அப்போது கீழே பிரஷர் எகிறும், எதனால் என்று யாருக்கும் தெரியாது.

பிரஸ் மெயின்டனன்ஸ்

சோதனை செய்தோம். என் வாழ்நாளில் மறக்க மாட்டேன்.

தலைப் பெட்டி மேல் தொடு முனையை வைத்தபோது 62 டிகிரி. பேனலுக்குள் 38. ஹாட் ஏர் கன் பிடித்து 72-க்குக் கொண்டுவந்தோம். மீட்டர் 420-இலிருந்து விறுவிறுவென இறங்கி 400-இல் நின்றது. மேல் மண்டலத்தில் அதே மாதிரி செய்தோம், 420 அப்படியே.

தலைப் பெட்டியைத் திறந்தால் சிவப்பு பிளஸ்ஸில். பேனலிலும் சிவப்பு பிளஸ்ஸில். நீங்கள் சொன்ன கணக்குப்படி 62-இல் 38 போக 24, இரு மடங்கு 48. அப்படியானால் கீழே 420 என்று காட்டும்போது உண்மையில் 468. மேன்டிலில் (லைனரைச் சுற்றியுள்ள வெளி உடலில்) 468 இருந்ததால்தான் லைனருக்குள் 457 வந்திருக்கிறது.

இந்த ஒயரை மாட்டியது நான்தான். இரண்டு வாரத்தில் எத்தனை பில்லெட் ஸ்கிராப்புக்குப் போனது என்று நினைத்தால் மனசு கனக்கிறது. கன்டெய்னருக்கு ஏதாவது சேதம் ஆகியிருக்குமா?

பேனல் போர்டு

மனதைத் தளரவிடாதீர்கள். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி மாட்டுகிறவர் கவனமாக வேலை செய்கிறவர், நிறப் பழக்கம்தான் வேறு. இனிமேல் நிறத்தை நம்பாமல் காந்தம் வைத்துப் பாருங்கள். கே டைப்பில் மைனஸ் கம்பி காந்தத்தில் லேசாக ஒட்டும், பிளஸ் ஒட்டாது. தெர்மோகப்பிளிலும், அதே உலோகத்தால் ஆன எக்ஸ்டென்ஷன் ஒயரிலும் இது பொருந்தும். வேறு உலோகத்தில் வரும் காம்பன்சேட்டிங் ஒயரில் செல்லாது.

ஷார்ஜா பிரஸ்

சேதத்தைப் பற்றி: கன்டெய்னர் ஹெச்13 மாதிரியான ஹாட் ஒர்க் ஸ்டீல் என்றால் 468-இல் அதன் பதம் போகாது, கவலை வேண்டாம். பார்க்க வேண்டியது லைனரின் பிடி. மேன்டிலைச் சூடாக்கி விரித்து லைனரை உள்ளே இறக்கி, ஆறும்போது இறுகவிட்டுத்தான் அதைப் பொருத்துகிறார்கள். வெளியே மேன்டில் கூடுதலாகச் சூடாகி உள்ளே லைனர் குளிர்ந்திருந்தால் அந்த இறுக்கம் தளரும். டை பக்க முகத்தில் லைனரும் மேன்டிலும் சேரும் இடத்தைத் துடைத்துவிட்டு, குறுக்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். சில நாள் ஓட்டிய பிறகு கோடு நேராக இருக்கிறதா, லைனர் முகம் வெளியே தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், செத்த ஹீட்டரை எடுத்தீர்களா?

பிரஸ் மெயின்டனன்ஸ்

எடுத்தோம், லேசில் வரவில்லை. நடுவில் உப்பி ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டது. ஸ்டோரில் இருந்த புது ஹீட்டரை மெக்கர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் 0.3 மெகா ஓம்தான். இதைப் போடலாமா?

பேனல் போர்டு

அப்படியே போடாதீர்கள், ட்ரிப் அடிக்கும். உள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்ஸைடு மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஓவனில் 120 டிகிரி அளவில் சில மணி நேரம் காய வையுங்கள், மெக்கர் தானாக ஏறும். மாட்டுவதற்கு முன் ஓட்டையைச் சுத்தம் செய்து, ஹீட்டர் எவ்வளவு ஆடுகிறது என்று கையால் அசைத்துப் பாருங்கள். லொட லொட என்று ஆடினால் நடுவில் காற்று நிற்கும், சூடு மேன்டிலுக்குப் போகாமல் ஹீட்டருக்குள்ளேயே தங்கி அதையே கொன்றுவிடும். உங்கள் பழைய ஹீட்டர் உப்பியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். சரியான விட்டத்தில் வாங்குங்கள்.

பிரஸ் மெயின்டனன்ஸ்

நான்கு நாள் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்.

சிவப்பை மைனஸுக்கு மாற்றியதும் கீழ் மீட்டர் ஒரேயடியாக 468-க்குத் தாவியது. கூட நின்றவர்கள் மீட்டர் கெட்டுவிட்டது என்று பதறினார்கள். மெல்ல இறங்கி 420-க்கு வந்தது. ஹீட்டரையும் காய வைத்து மாட்டினோம், இப்போது மெக்கர் 20-க்கு மேல்.

நேற்று லைனருக்குள் எடுத்த அளவு: மேலே 411, 424, 413. கீழே 405, 416, 407. ஷார்ஜா அண்ணன் சொன்னபடி இப்போது மேல்பக்கம்தான் கொஞ்சம் கூடுதல். மேல் செக்ஷன் 150 மில்லிமீட்டர் முந்தியது. மேல் செட் பாயின்ட்டை 416 ஆக்கினோம், வித்தியாசம் 60-க்குள் வந்துவிட்டது. மங்கலான கோடு இல்லை. லைனர் முகத்தில் போட்ட கோடும் நேராகவே இருக்கிறது.

டை கரெக்டர்

60 போதும் தம்பி. இப்போது அந்த டையை அனுப்புங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.