மிளகாய் இலை சுருளுது, பூவும் கொட்டுது. அடுத்த பட்டத்துக்கு எந்த ரகம் வைக்கலாம்?

மாடி_மதுரை:
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில மொட்டைமாடியில மிளகாய் வச்சிருக்கேன். எல்லாமே 12 இன்ச் பை. செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூணையும் சமமா கலந்து நிரப்பினது. தை மாசம் விதைச்சேன். வீட்டுல வாங்குற வத்தல்ல இருந்து எடுத்த விதை கொஞ்சம், நாற்றுப்பண்ணையில வாங்குன பஜ்ஜி மிளகாய் நாற்று கொஞ்சம்.

பங்குனி வரைக்கும் தளதளன்னு இருந்துச்சு. சித்திரை பிறந்ததும் கொழுந்து இலையெல்லாம் சுருண்டுக்கிச்சு. பூ நிறைய வருது, ஆனா காம்பு மஞ்சளாகி மறுநாள் காலையில பையைச் சுத்தி உதிர்ந்து கிடக்குது. வேப்பெண்ணெய் அடிச்சும் நிக்கல. ரெண்டு விஷயம் தெரியணும். இந்தச் செடிகளைக் காப்பாத்த முடியுமா? அடுத்த தடவை வத்தலுக்கும் சமையலுக்கும் எந்த ரகம் வச்சா நல்லது?

பால்கனி_வேளச்சேரி:
இது வைரஸ்ங்க. இலைச்சுருட்டு வந்தா மருந்தே கிடையாது. எல்லாத்தையும் பிடுங்கிப் போட்டுட்டுப் புதுசா ஆரம்பிங்க. விட்டா பக்கத்துல இருக்கிற தக்காளிக்கும் போயிடும்.

நாற்றங்கால்_பெரியகுளம்:
பிடுங்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. சுருண்ட மிளகாய் இலையைப் பார்த்ததும் எல்லாரும் வைரஸ்னு சொல்லிடறாங்க. அதனாலயே எத்தனையோ நல்ல செடி குப்பைக்குப் போகுது. இலை சுருள மூணு காரணம் இருக்கு, மூணுக்கும் வைத்தியம் வேற வேற. முதல்ல இலை எந்தப் பக்கம் சுருளுதுன்னு பாருங்க.

ஓரம் ரெண்டும் மேல்நோக்கி மடங்கி இலை படகு மாதிரி குழிஞ்சிருந்தா, அது இலைப்பேன். ஓரம் கீழ்நோக்கி வளைஞ்சு, இலை குறுகி, காம்பு மட்டும் எலிவால் மாதிரி நீண்டிருந்தா, அது மஞ்சள் சிலந்தி. முரணைன்னும் சொல்வாங்க. வைரஸா இருந்தா இலை சிறுத்து, நரம்புக்கு இடையில மஞ்சளாகி, கணு நெருங்கி, உச்சி முழுக்கக் கொத்தா நிக்கும். செடி அதுக்கு மேல வளராது. அதைப் பரப்புறது வெள்ளை ஈ.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துட்டு காலையில மாடிக்குப் போங்க. கொழுந்தையும் பூவையும் தாளுக்கு மேல பிடிச்சு விரலால தட்டுங்க. இலைப்பேன் இருந்தா மெல்லிசா, நூல் துணுக்கு அளவுக்கு, வெளிர் மஞ்சளாவோ கறுப்பாவோ விழுந்து ஓடும். மஞ்சள் சிலந்தி கண்ணுக்குத் தெரியாது. அதுக்கு 10 மடங்கு பெருக்கிக் காட்டுற லென்ஸ் வேணும். ஒவ்வொரு செடியா பார்த்துட்டு வந்து எழுதுங்க. ஒரே மாடியில மூணும் இருக்கலாம்.

மாடி_மதுரை:
ரொம்ப நன்றி சார். இன்னைக்குக் காலையில பார்த்தேன். வத்தல் விதைச் செடி பெரும்பாலும் மேல்நோக்கிதான் சுருண்டிருக்கு. தட்டினதும் தாள்ல பழுப்பும் கறுப்புமா சின்னச் சின்னப் பூச்சி ஓடுது. பூவுக்குள்ள இருந்து நிறைய விழுந்துச்சு. தண்ணித் தொட்டிப் பக்கம் நிழல்ல இருக்கிற பஜ்ஜிச் செடியில இலை கீழ்நோக்கி வளைஞ்சு, அடிப்பக்கம் பளபளன்னு வெண்கலம் பூசின மாதிரி இருக்கு. ஒரே ஒரு செடி மட்டும் உச்சி மஞ்சளாகி, நாற்றாவே நின்னுபோச்சு.

நாற்றங்கால்_பெரியகுளம்:
அப்போ மூணுமே இருக்கு. அந்த மஞ்சள் செடியை இன்னைக்கே எடுத்துடுங்க. அது விஷயத்துல வேளச்சேரிக்காரர் சொன்னது சரி. மாடி முழுக்கத் தூக்கிட்டுத் திரியாம, அந்த இடத்துலயே ஒரு பையைக் கவிழ்த்து மூடி, வேரோட பிடுங்குங்க. வெள்ளை ஈ பறந்து அடுத்த செடிக்குப் போயிடக் கூடாது.

இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் ஏன் நிக்கலன்னா, அது முட்டையை இலைத் திசுவுக்குள்ள செருகி வைக்கும். குஞ்சு இலையில வளரும். கூட்டுப்புழு பருவத்துல பெரும்பாலும் கீழே இறங்கி மண்ணுல கிடக்கும். நீங்க ஒரு தடவை தெளிக்கும்போது இலை மேல இருக்கிறது மட்டும்தான் சாகுது. முட்டையும் மண்ணுல இருக்கிறதும் தப்பிச்சிடுது, அடுத்த வாரம் அதுங்க வந்துடும். அதனால 5 நாளைக்கு ஒரு தடவைன்னு தொடர்ந்து 4 தடவையாவது தெளிக்கணும், மேல்மண்ணு நனையற மாதிரியும் ஊத்தணும். 1 லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய். முதல்ல எண்ணெயைக் காதி சோப் கரைசல்ல அடிச்சுப் பால் மாதிரி ஆக்கிட்டுத்தான் தண்ணியில சேர்க்கணும். எண்ணெய் தனியா மிதந்தா இலைதான் கருகும். வெயில் இறங்கின பிறகு, இலையோட அடிப்பக்கம் நனையற மாதிரி தெளிங்க. நீல நிற ஒட்டுப்பொறி ரெண்டு மூணு தொங்கவிடுங்க. மஞ்சள் அட்டை வெள்ளை ஈக்கு.

பூவுக்குள்ள இருந்து கறுப்பா விழுறதைத் தனியா கவனிங்க. 2021-ல ஆந்திரா, தெலங்கானா மிளகாய்க் காட்டையெல்லாம் நாசமாக்கினது ஒரு கறுப்பு இலைப்பேன். அது இலையை விடப் பூவுலதான் அதிகம் கூடும். உங்க மாடியில இருக்கிறது அதுதானான்னு இங்கிருந்து சொல்ல முடியாது. எதுவா இருந்தாலும், பூச்சி அடைஞ்ச பூவைக் கிள்ளி சோப்புத் தண்ணியில போடுங்க. எப்படியும் இந்த வெயில்ல அது காயாகப் போறதில்ல.

மஞ்சள் சிலந்திச் செடிக்குக் கந்தகத்தூள் நல்லா கேட்கும். ஆனா இப்ப வேண்டாம். மதுரைச் சித்திரை வெயில்ல கந்தகம் தெளிச்சா இலை பொசுங்கும். வேப்பெண்ணெய் அடிச்சு 2 வாரம் ஆகுறதுக்குள்ள கந்தகம் போட்டாலும் அதே கதிதான். இப்போதைக்குச் சுருண்ட நுனியை மேலிருந்து ஒரு சாண் வெட்டி எரிச்சுடுங்க. அந்தப் பூச்சி கொழுந்துலதான் வாழும். கொழுந்து போனா பெரும்பகுதி போயிடும். மிளகாய் பல வருஷம் நிக்கிற செடி, கவாத்துக்குப் பயப்படாது.

பால்கனி_வேளச்சேரி:
எலிவால் காம்பு விஷயம் எனக்குத் தெரியாது சார். நல்ல தகவல். பூ கொட்டுறதுக்கு பிளானோபிக்ஸ் அடிக்கலாமா? கடையில அதைத்தான் குடுக்குறாங்க.

நாற்றங்கால்_பெரியகுளம்:
அது பயிர் ஊக்கி. 4.5 லிட்டருக்கு 1 மில்லிங்கிறது அளவு. அளவு கூடினா பூவைப் பிடிச்சு நிறுத்துறதுக்குப் பதிலா அதுவே உதிர்த்துவிடும். ஆனா இந்தக் கேஸுக்கு அது தீர்வு இல்ல. பகல்ல 35 டிகிரி தாண்டி, ராத்திரியும் 25-க்குக் கீழே இறங்கலன்னா மகரந்தம் செத்துடும். மகரந்தம் இல்லாத பூவைக் காம்புல ஒட்டவச்சு என்ன பண்றது? மொட்டைமாடியில காங்கிரீட் தளம் ராத்திரி முழுக்க வாங்கின சூட்டை விட்டுக்கிட்டே இருக்கும். அதனால தரையில இருக்கிற செடியை விட மாடிச் செடிக்குப் பூ உதிர்வு அதிகம். பையைத் தளத்துல நேரா வைக்காம செங்கல் மேலயோ ஸ்டாண்டு மேலயோ தூக்கி வைங்க. 50 சதவீத நிழல்வலை கட்டுங்க. காய்ஞ்ச இலைச்சருகை மண்ணு மேல 2 இன்ச் மூடாக்கு போடுங்க. ஆடிக் காத்து வரட்டும், பூ தானா பிடிக்கும்.

அடுக்களை_திண்டுக்கல்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நாங்க தேங்காய்ப் பாலும் மோரும் சேர்த்துப் புளிக்கவச்ச தேமோர் கரைசல்தான் தெளிப்போம், பூ நல்லா நிக்கும். உரமா என்ன போடுறீங்க தம்பி? மாட்டுச் சாணக் கரைசலும், மீன் கழிவை வெல்லத்தோட ஊறவச்சு எடுக்குற மீன் அமிலமும் வாரா வாரம் ஊத்தினா இலை கரும்பச்சையா வரும், காய் வராது. அந்தக் கொழுத்த கொழுந்துக்குத்தான் பூச்சியும் ஓடி வரும்.

மாடி_மதுரை:
ஆமாக்கா, மீன் அமிலம் வாராவாரம் போயிட்டிருந்துச்சு. இன்னையிலிருந்து நிறுத்திடறேன். இப்ப ரகம் பத்திச் சொல்லுங்க. வீட்டுக்குத் தேவை மூணு: குழம்புப் பொடிக்குக் காரமும் நிறமும் உள்ள வத்தல், மோர் மிளகாய் போட ஒண்ணு, தினசரி பச்சை மிளகாய்க்கு ஒண்ணு.

கரிசல்காடு_கமுதி:
மோர் மிளகாய்க்கும் தாளிப்புக்கும் எங்க ஊரு முண்டுதான், வேற பேச்சே இல்ல. குண்டு மிளகாய்னு நீங்க சொல்றது. கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, பரமக்குடிப் பக்கம் மானாவாரியா மழையை நம்பிப் போடுறது. ராமநாதபுரம் முண்டுன்னு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. தோல் தடிமன். அதனால காயிறதுக்கு நீளமான சம்பா மிளகாயை விட நாள் கூடப் பிடிக்கும். முழுசா காய்ஞ்ச முண்டு வத்தலைக் காதுகிட்ட வச்சு ஆட்டினா உள்ள விதை கிலுகிலுன்னு சத்தம் போடும். அந்தச் சத்தம் வரலன்னா டப்பாவுல போடாதீங்க, பூசணம் பிடிச்சிடும். மோர் மிளகாய்க்குத் தோல் தடிமனா இருக்கிறதுதான் வசதி, மோரை உறிஞ்சிக்கிட்டு வறுக்கும்போது உப்பும்.

ஒண்ணு மட்டும் மனசுல வையுங்க. எங்க காட்டுல அது கரிசல்ல, சிக்கனமான தண்ணியில விளையுது. நீங்க பையில தினம் ரெண்டு வேளை ஊத்தினா வேர் அழுகும், காரமும் குறையும். மேல்மண்ணு ஒரு விரல் ஆழம் காய்ஞ்ச பிறகு ஊத்துங்க. தண்ணி கொஞ்சம் இழுத்துப்பிடிச்ச செடியிலதான் காரம் ஏறும்.

நாற்றங்கால்_பெரியகுளம்:
பொடிக்குச் சம்பா. காய் ஒல்லியா நீளமா, தோல் மெல்லிசா இருக்கும், வெயில்ல சீக்கிரம் காயும், காரம் நல்லா இருக்கும். கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துல இருந்து வந்த கே 2 ரகத்துக்குச் சாத்தூர் சம்பாவும் ஒரு பெற்றோர் ரகம். அந்த மாதிரி ரகம் கிடைச்சா வாங்குங்க. ஆனா ஒரே மிளகாய்ல காரமும் நிறமும் உச்சத்துல எதிர்பார்க்காதீங்க. கர்நாடகத்து பேடகி மிளகாய் ரத்தச் சிவப்பு நிறம் குடுக்கும், காரம் கம்மி. காரத்துக்குச் சம்பா, நிறத்துக்குப் பேடகின்னு கலந்துதான் பல வீட்டுல பொடி அரைக்கிறாங்க. உங்களுக்கு இடம் குறைவுன்னா சம்பாவை மட்டும் வளர்த்துட்டு, நிறத்துக்கு வேண்டியதைக் கடையில வாங்கிக்கோங்க.

கடை வத்தல்ல இருந்து விதை எடுக்குறதை மட்டும் விட்டுடுங்க. இப்ப சந்தைக்கு வர்றதுல நிறைய வீரிய ஒட்டு (ஹைப்ரிட்) ரகம். அதோட விதையைப் போட்டா ஒரு செடி நெட்டையா, ஒண்ணு குட்டையா, காயும் ஆளுக்கொரு மாதிரி வரும். பஜ்ஜிக்கு வேணும்னா கோ 4 இருக்கு. காரம் கம்மியான காய்கறி வகை அது.

குமரித்தோட்டம்_நாகர்கோவில்:
தினசரிப் பச்சை மிளகாய்க்கு ஒரு காந்தாரி வைங்க, போதும். காய் சின்னதா வானம் பார்த்து நிக்கும். தொட்டிப் பக்கம் நிழல் இருக்குன்னீங்கல்ல, அங்கேயே வைக்கலாம், பாதி வெயில் போதும். சாதா மிளகாய்க்கு வர்ற சுருட்டை இதுக்கு அவ்வளவா வர்றதில்ல. வருஷக்கணக்குல நிக்கும். எங்க வீட்டுல மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவிச்சா தொட்டுக்க காந்தாரியும் சின்ன உள்ளியும் உப்பும் அம்மியில சதைச்சு, மேல தேங்காய் எண்ணெய் ஊத்தின துவையல்தான். காரம் சுரீர்னு ஏறும், அதனால குழந்தைகள் கைக்கு எட்டாம வைங்க. பறவைக்கு அந்தக் காரம் உறைக்காது. பழுத்த உடனே பறிக்கலன்னா மைனா கொத்திட்டுப் போயிடும்.

மாடி_மதுரை:
முண்டு, சம்பா, காந்தாரி, கூட பஜ்ஜி. நாலையும் பக்கத்துப் பக்கத்துல வச்சா காரம் கலந்து பஜ்ஜி மிளகாயும் உறைக்க ஆரம்பிச்சிடும்னு பக்கத்து வீட்டு மாமா சொல்றார். உண்மையா? எப்ப விதைக்கணும்?

நாற்றங்கால்_பெரியகுளம்:
இந்த வருஷக் காய் மாறாது. காயோட சதையும், காரம் உட்கார்ந்திருக்கிற உள் வெள்ளைத் தண்டும் தாய்ச்செடியோடது. அயல் மகரந்தம் விழுந்தா மாறுறது விதை மட்டும்தான். அந்த விதையை அடுத்த வருஷம் போட்டாத்தான் பஜ்ஜியில காரம் ஏறும். மாமா பார்த்தது அப்படி எடுத்த விதையில வளர்ந்த செடியா இருக்கலாம்.

விதைக்குன்னு எடுக்க நினைச்சா, விரியாத மொட்டுகள் இருக்கிற ஒரு கிளைக்கு மெல்லிய வலைத்துணிப் பை மாட்டிக் கட்டுங்க. தினம் காலையில கிளையை லேசா சுண்டுங்க, மிளகாய் தன் மகரந்தத்துலயே காய் பிடிச்சுக்கும். பிஞ்சு தெரிஞ்சதும் பையை எடுத்துட்டு அந்தக் காம்புல சிவப்பு நூல் கட்டிடுங்க. செடியிலயே நல்லா பழுத்த பிறகு பறிச்சு, நிழல்ல உலர்த்தி விதை எடுங்க. நூல் கட்டாத காயைக் குழம்புல போடுங்க.

கரிசல்காடு_கமுதி:
பட்டம் நான் சொல்றேன். மதுரை மாடிக்குப் புரட்டாசி விதைப்பு பொருத்தம். 40 நாள் நாற்றை ஐப்பசிக் கடைசியில பைக்கு மாத்தினா, அடைமழையில செடி வேர் பிடிச்சு நிக்கும், மார்கழி தைக் குளிர்ல பூ வரும். மாசி பங்குனி வெயில்ல பழம் பறிச்சுக் காயப்போடலாம். தையில விதைச்சா பூ வர்ற நேரமும் கத்திரி வெயிலும் ஒண்ணா வந்து நிக்கும், இப்ப உங்களுக்கு நடந்தது அதுதான். காந்தாரிக்குப் பட்டம் பார்க்க வேண்டாம், நாற்று கிடைச்சா இப்பவே நிழல்ல வைங்க.

மாடி_மதுரை:
சரிங்கண்ணே, புரட்டாசிக்கே வச்சுக்கறேன். நுனி வெட்டின பஜ்ஜிச் செடியில கீழ்க் கணுவுல புதுத் துளிர் வந்திருக்கு, இதுவரைக்கும் தட்டையாத்தான் இருக்கு. இதுக்கு இப்ப உரம் குடுக்கலாமா?

நாற்றங்கால்_பெரியகுளம்:
இன்னும் 10 நாள் வெறும் தண்ணி மட்டும். துளிர் நாலு இலை விட்டு, அந்த இலையும் சுருளாம இருந்தா, பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டு மேல்மண்ணைக் கிளறிவிடுங்க. தழைச்சத்து கூட்ட வேண்டாம். லென்ஸ் ஒண்ணு வாங்கி, வாரம் ஒருமுறை அந்தத் துளிரோட அடிப்பக்கத்தைப் பாருங்க.