வேலையிடத்தில் கிறிஸ்தவ விசுவாசம்: உங்கள் அனுபவம் என்ன?

கணக்குப் பிரிவில் வேலை. வருகிற பில்களைச் சரிபார்த்துப் பணம் அனுப்ப வைக்க வேண்டும். சாட்சி சொல்லவோ பிரசங்கம் பண்ணவோ எனக்கு வராது. ஆனால் பைபிளில் உபாகமம் 24-ஆம் அதிகாரம் என் மேசையில் இருப்பவனுக்காகவே எழுதப்பட்டது என்று நம்புகிறேன். கூலியாளின் கூலியை அன்றைக்கே, பொழுது போகுமுன் கொடுத்துவிடு என்கிறது. அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது.

எங்கள் பிரிவில் பில்லை ஆறப்போடுவது வழக்கம். கெடு தேதி வரட்டும், ஃபோன் பண்ணிக் கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. பணம் நம் கையில் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே என்பதுதான். துப்புரவு வேலையை எடுத்திருந்த ஒப்பந்ததாரர் ஒருநாள் நேரில் வந்தார். சத்தம் போடவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்தார். வேலை செய்கிற ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கு நேரேயும் அவர் கைமாற்றாகக் கொடுத்த தொகை, பென்சிலில். எங்கள் பணம் வந்ததும் கழித்து அழிக்க வேண்டுமே, அதற்காகப் பென்சில்.

மேலாளரிடம் போனேன். சரக்கு பில்லும் ஆள் கூலி பில்லும் ஒரே வரிசையில் நிற்க வேண்டாம், கூலி பில் மட்டும் வந்த வாரமே போகட்டும் என்று கேட்டேன். வசனம் எதையும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பேச்சு மதத்தின் பக்கம் போயிருக்கும், கூலி நடுவழியில் நின்றிருக்கும். அவர் யோசித்துவிட்டு, சரி என்றார். சரக்கு பில்கள் இன்றும் பழைய கதைதான்.

பிறகு அந்த ஒப்பந்ததாரர் ஒரு பரிசோடு வந்தார். வாங்க மறுத்துவிட்டேன். அவருக்குச் சேர வேண்டியதே அவருக்குப் போனது. நான் பரிசு வாங்கினால் அது என் தயவாகிவிடும். அவர் முகம் வாடியது. உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னேன்.

*

அண்ணா, அந்தப் பென்சில் நோட்டு என்னை விட்டுப் போகவில்லை. நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ், பெரும்பாலும் இரவு டியூட்டி. நினைவில்லாத நோயாளியை வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்போம், இல்லையென்றால் படுக்கைப் புண் வந்துவிடும். விடியற்காலை 3 மணிக்கு அதைச் செய்தேனா என்று பார்க்க ஆள் கிடையாது. சார்ட்டில் டிக் போட்டால் செய்ததாகவே கணக்கு. பைபிளில் கொலோசெயர் 3-இல் ‘பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்’, அதாவது ஆள் பார்க்கும்போது மட்டும் வேலை செய்யாமல், என்று வருகிறதே, எனக்கு அது அந்த 3 மணிதான். குதிகாலையும் இடுப்புக்குக் கீழேயும் டார்ச் அடித்துப் பார்ப்பேன். சிவந்திருந்தால் அந்த இடம் அழுந்தாதபடி தலையணையை மாற்றி வைப்பேன்.

நோயாளிகளோடு ஜெபிப்பாயா என்று சபையில் கேட்கிறார்கள். அவர்களாகக் கேட்டால் சந்தோஷமாக ஜெபிப்பேன். நானாக ஆரம்பிப்பதில்லை. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போக அவர்களால் முடியாது, அண்ணா.